கடைசி எழுத்தின் மேல் ஒரு கோடு

என் தம்பி காணாமல் போய் ஒன்றரை வருஷம் கழித்து, நாற்பத்தேழாவது வயதில், நான் ஸ்பானிஷ் படிக்கச் சேர்ந்தேன். அடையாறில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்த மாடி அறை. சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு வகுப்பு. சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு இருபத்தாறு வயது இருக்கும். வார நாட்களில் ஏதோ ஒரு கம்பெனியில் ஸ்பானிஷில் வரும் கடிதங்களுக்குப் பதில் எழுதுகிற வேலை அவளுக்கு. முதல் நாள் ஒவ்வொருவரிடமும் ஏன் படிக்க வந்தீர்கள் என்று கேட்டாள். ஒரு பையன் மேல்படிப்புக்கு ஸ்பெயின் போகிறானாம். இரண்டு பேருக்கு ஆபீசில் தேவை. என் முறை வந்தபோது, "சும்மா, ஒரு ஆசை" என்றேன். நான் மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் தமிழ் ஆசிரியை. தமிழ் சொல்லிக்கொடுக்கிறவளுக்கு இன்னொரு மொழி மேல் ஆசை வந்ததை யாரும் சந்தேகப்படவில்லை.

தம்பி என்னைவிட ஆறு வயது சின்னவன். சரக்குக் கப்பலில் எஞ்சினியர். பெரு நாட்டில் ஒரு சின்னத் துறைமுகத்தில் அவன் கப்பல் ரிப்பேருக்காக ஒன்பது நாள் நின்றது. தினமும் மாலையில் கரைக்கு வந்து, ஒரு பெண் நடத்திய சாப்பாட்டுக் கடையில் சாப்பிட்டுவிட்டுக் கப்பலுக்குத் திரும்புவான். ஒன்பதாவது நாள் கடையிலிருந்து கிளம்பினான். கப்பலுக்குப் போய்ச் சேரவில்லை. அன்றைக்குக் கடலிலிருந்து மூடுபனி ஏறி, பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லையாம். நாலு நாள் தேடினார்கள். பிறகு கப்பல் புறப்பட்டுவிட்டது.

கப்பல் கம்பெனியிலிருந்து ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். இரண்டு மாடி ஏறி வந்ததில் மூச்சு வாங்கிக்கொண்டே, இரண்டு விஷயம் நடந்திருக்கலாம் என்றார். ஒன்று, பனியில் கால் தவறித் துறைமுக மேடையிலிருந்து கடலில் விழுந்திருக்கலாம். இல்லையென்றால், அவனாகவே இறங்கிப் போயிருக்கலாம். அப்படிப் போகிறவர்கள் உண்டு.

"அவனுக்கு நீச்சல் தெரியும்" என்றாள் அம்மா. கொஞ்சம் பொறுத்து, "சொல்லாம போற புள்ளையும் இல்ல" என்றாள்.

அவர் தலையை ஆட்டிவிட்டுக் காப்பியைக் குடித்து முடித்தார்.

நாலு மாதம் கழித்து ஒரு காலை, தெரியாத வெளிநாட்டு எண்ணிலிருந்து என் போனுக்கு ஒரு செய்தி வந்தது. அந்தச் சாப்பாட்டுக் கடைக்காரிதான் எழுதியிருந்தாள். தம்பி என் எண்ணை அவளிடம் கொடுத்திருக்கிறான். ஸ்பானிஷில் ஏழெட்டு வரி. போனிலேயே மொழிபெயர்க்கிற வசதி இருந்ததால் வரிவரியாகப் போட்டுப் பார்த்தேன். அவன் நல்லவன், சாப்பிட்ட தட்டைத் தானே எடுத்து வைப்பான், இத்தனை நாள் எழுதத் துணிவு வரவில்லை, மன்னியுங்கள். கடைசி வரிக்குப் போன் இப்படிச் சொன்னது: கிளம்பும் முன் அவன் திரும்பி வருவதாக என்னிடம் சொன்னான்.

அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அந்த ஒரு வரியை மட்டும் மறுபடி வாசிக்கச் சொன்னாள். மூன்றாவது முறை வாசித்ததும் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

"வரேன்னு சொல்லிட்டுப் போயிருக்கான் பாரு. அந்தப் பொண்ணுக்கு எழுது. நல்ல சேதி சொன்னதுக்கு ஆண்டவர் அவளை ஆசீர்வதிக்கட்டும்னு எழுது."

எழுதினேன். நன்றி, உங்கள் வார்த்தை எங்களுக்கு உயிர் கொடுத்தது, கடவுள் உங்களை ஆசீர்வதிப்பார் என்று போன் சொன்ன ஸ்பானிஷில் எழுதி, இரண்டு இதயப் படமும் போட்டு அனுப்பினேன். அவள் படித்துவிட்டாள் என்பதற்கு அடையாளம் வந்தது. பதில் வரவில்லை. அதன் பிறகு நான் அனுப்பிய எதற்கும் பதில் வரவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எல்லாமே அந்த ஒரு வாக்கியத்தின் மேல் நின்றது. அவன் வந்தா இந்தக் கட்டிலை மாத்தணும். அவன் வந்தா பார்த்துக்கலாம். பங்குக் கோயில் அலுவலகத்தில் திருப்பலிக்குப் பெயர் கொடுக்கும்போது, நலம் வேண்டியா, ஆன்மா இளைப்பாறவா என்று கேட்பார்கள். அம்மா ஒவ்வொரு மாதமும் "நலம் வேண்டி" என்று சத்தமாகச் சொல்லுவாள். எழுதுகிறவர் என்னைப் பார்ப்பார். நான் சுவரைப் பார்ப்பேன்.

தம்பி படியேறும்போது இரண்டிரண்டு படியாகத் தாவுவான்; வண்டிச் சாவி சட்டைப்பையில் கிலுங்கும். அந்தச் சத்தம் எனக்குக் கேட்க ஆரம்பித்தது. பெரும்பாலும் ஆறரை மணிக்கு, பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருக்கும்போது. என் மனப்பிரமை என்று நினைத்து அம்மாவிடம் சொல்லவில்லை. ஒருநாள் அந்தச் சத்தம் கேட்டு நான் நாற்காலியிலிருந்து எழுந்தபோது, அம்மாவும் சமையலறையிலிருந்து கையைத் துடைத்தபடி வந்துகொண்டிருந்தாள். இருவரும் கதவுக்கு முன்னால் நின்றோம். யாரும் கதவைத் திறக்கவில்லை. அப்புறம் அவள் உள்ளே போய்க் குக்கரை இறக்கினாள்.

அம்மா தினமும் அவன் இந்திய எண்ணைக் கூப்பிட்டுப் பார்ப்பாள். அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று ஒரு பெண் குரல் சொல்லும். ஒருநாள் மணி அடித்தது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

"அலோ, யாரு?" என்றது ஓர் ஆண் குரல். பின்னால் யாரோ ஜெனரேட்டர், ஜெனரேட்டர் என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

அம்மா தம்பியின் பெயரைச் சொன்னாள்.

"அப்டி யாரும் இல்லமா. இது என் நம்பரு. புச்சா வாங்கிக்கீறேன். நான் கோடம்பாக்கத்துல சூட்டிங் வண்டி ஓட்டிக்கினு கீறேன்."

அம்மா போனை வைக்கவில்லை. "இது என் மகன் நம்பர்ப்பா. அவன் கப்பல்ல போயிருக்கான்" என்றாள். அந்தப் பக்கம் ஜெனரேட்டர் சத்தம் தூரமானது; அவர் தள்ளி வந்து பேசினார்.

"சர்தாம்மா. அவரு வந்தா கண்டிப்பா சொல்றேன்."

அவர் அதை அன்பால்தான் சொன்னார். எங்கிருந்து வருவான், அவரிடம் எப்படி வருவான் என்றெல்லாம் அந்த வாக்கியம் கேட்கவில்லை. வந்தால் என்று நாம் சொல்லும்போது வருவானா மாட்டானா என்று தமிழ் வற்புறுத்திக் கேட்பதில்லை. இதை வருஷக்கணக்காக வகுப்பில் நடத்தியிருக்கிறேன். நிபந்தனை எச்சம் என்று கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அதற்குள் ஒருவர் வருஷக்கணக்கில் குடியிருக்க முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கடைக்காரி பேசாமல் போனதற்குப் போன் எழுதிய ஸ்பானிஷ்தான் காரணம், ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. அதனால்தான் வகுப்பில் சேர்ந்தேன்.

எட்டு மாதம் போனது. ஒரு சனிக்கிழமை டீச்சர் பலகையில் எதையும் எழுதாமல் எங்களைப் பார்த்துச் சிரித்தாள். "இன்னிக்கு எல்லாரும் பயப்படுற டென்ஸ். ஆனா ரெகுலர் வெர்புக்கு ரொம்ப ஈஸி. நடக்காததை, நடக்கும்னு நம்பிக்கை இல்லாததைப் பேசறதுக்கு இது. ஒரு வெர்ப் சொல்லுங்க மேம்."

என்னைத்தான் கேட்டாள். "ரெக்ரெஸார்" என்றேன். திரும்பி வருதல். தெரிந்தே சொன்னேனா, வாயில் வந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

முதலில் 'அவர்கள் திரும்பினார்கள்' என்பதை எழுதச் சொன்னாள். ரெக்ரெஸாரோன். அதில் கடைசி ரோன் என்பதை அழித்தாள். மிச்சம் ரெக்ரெஸா. அதோடு ஒவ்வொரு விகுதியாகச் சேர்த்துக்கொண்டே போனாள். நான் என் நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டேன். நான் என்றால் ரெக்ரெஸார. நீ என்றால் ரெக்ரெஸாரஸ். அவன், அவள் என்றால் மறுபடி ரெக்ரெஸார. நாம், ரெக்ரெஸாரமோஸ். நீங்கள், ரெக்ரெஸாரய்ஸ். அவர்கள், ரெக்ரெஸாரன்.

"நானுக்கும் அவனுக்கும் ஒரே ஃபார்ம்" என்றாள். "யாருன்னு சுத்தி இருக்கறதை வெச்சுதான் கண்டுபிடிக்கணும். இன்னொண்ணு. கடைசி 'a' எழுத்து மேல ஒரு சின்னக் கோடு போட்டா இது வேற வார்த்தை ஆயிடும்." கோட்டைப் போட்டாள். "அழுத்தம் கடைசிக்குப் போயிடும். ரெக்ரெஸரா. இது ஃபியூச்சர். திரும்பி வருவான். கோடு இருந்தா வருவான், இல்லைன்னா வரமாட்டான், அப்படி ஞாபகம் வெச்சுக்கோங்க."

பையன்கள் சிரித்தார்கள். நான் நோட்டைப் பார்த்தேன். ரெக்ரெஸார, ரெக்ரெஸரா. தமிழில் துணைக்கால் ஓர் எழுத்து தள்ளிப்போயிருந்தது, அவ்வளவுதான். ஆங்கில எழுத்தில் பார்த்தால் அந்தக் கோட்டைத் தவிர இரண்டும் ஒன்றே. அந்தச் சொல்லை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். என் போனில் இருக்கிறது. அதன் மேல் கோடு இருந்ததா?

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு போனை எடுத்து டீச்சரிடம் கொடுத்தேன். கோடு இல்லை. அவள் செய்தி முழுவதையும் படித்தாள். படித்துக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"இவர் யாரு மேம்?"

"என் தம்பி."

அவள் கடைசி வரியைப் பெரிதாக்கி மறுபடி பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "போன்ல டைப் பண்றப்போ நிறைய பேர் இந்தக் கோட்டைப் போடவே மாட்டாங்க. அதனால ரெண்டும் இருக்கலாம். 'வருவேன்னு என்கிட்ட சொன்னான்'னு இருக்கலாம். புக்குல அதுக்கு வேற ஃபார்ம்தான் இருக்கு, ஆனா இன்னும் வருவான்னு நம்பறவங்க இப்படியும் சொல்லுவாங்க. இல்லைன்னா..."

"இல்லைன்னா?"

"சொன்னான்னு போட்டு அதுக்கப்புறம் இந்த டென்ஸ் வந்தா, அது ஆர்டர் மேம். 'என்னைத் திரும்பிப் போகச் சொன்னான்'."

அன்றைக்கு நான் நேராக வீட்டுக்குப் போகவில்லை. பெசன்ட் நகர் கடற்கரைக்கு ஆட்டோ பிடித்துப் போனேன். சனிக்கிழமைக் கூட்டம், சோளம் சுடுகிற புகை, பலூன். அதுவரை என் மனதில் தம்பி பனிக்குள்ளிருந்து என்னைப் பார்த்து நடந்து வந்துகொண்டிருந்தான். முகம் தெரியாது; ஆனால் வருகிறான் என்பது தெரியும். அன்றைக்குத் தண்ணீர் ஓரமாக நின்றபோது அவன் முதுகு தெரிந்தது. அப்புறம் எங்கே பார்த்தாலும் முதுகுதான். பஸ்ஸில் முன் சீட்டில், ரங்கநாதன் தெருக் கூட்டத்தில், அவனுடைய அகலமான தோளும் கழுத்தில் முடி வெட்டிய கோடும் தெரிந்தன. இரண்டு தடவை பின்னாலேயே போய் முந்திக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். யாரோ.

அம்மாவிடம் சொல்லவில்லை. மூன்று வாரம் சொல்லவில்லை. அவள் "அவன் வந்தா" என்று ஆரம்பிக்கும்போதெல்லாம் எழுந்து வேறு அறைக்குப் போனேன்.

கடைக்காரிக்கு எழுதுவதென்று முடிவு செய்தேன். இந்த முறை போனின் உதவி வேண்டாம், நானே எழுதுவேன். ஒன்றைக் கேட்க விரும்புகிறேன் என்று பணிவாக ஆரம்பிக்க வேண்டுமென்றால் அதற்கும் இதே வினைவடிவம்தான் வேண்டும் என்றாள் டீச்சர். விரும்பினால் என்பது போல. பத்துத் தடவை அடித்தடித்து எழுதினேன். நான் அவனுடைய அக்கா. உங்கள் மொழியை எட்டு மாதமாகப் படிக்கிறேன். நீங்கள் எழுதியதை அப்போது தப்பாகப் புரிந்துகொண்டேனோ என்று சந்தேகமாக இருக்கிறது. வருவேன் என்று சொன்னானா, உங்களைத் திரும்பிப் போகச் சொன்னானா?

ஒரு வாரம் ஒன்றும் இல்லை. அடுத்த சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பதில் வந்தது. அவள் எழுதவில்லை, பேசியிருந்தாள். மூன்றரை நிமிஷம். நான் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன்.

வயது தெரியாத குரல். பின்னால் பாத்திரம் கழுவுகிற சத்தம். எனக்காக நிதானமாகப் பேசினாள். அன்றைக்கு அவன் தொப்பியை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டான். அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. அப்படியே விட்டுவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு அவன் பின்னால் ஓடினாள். பனியில் ஆள் தெரியவில்லை, கூப்பிட்டுக்கொண்டே ஓடினாள். மேடை ஆரம்பிக்கிற இடத்தில் நின்றுகொண்டிருந்தான். தொப்பியை வாங்கிக்கொண்டான். ஏதோ சரியில்லாதவன் மாதிரி இருந்தான், அழுதிருப்பானோ என்றுகூடத் தோன்றியது. ஆனால் பனியில் எல்லோர் முகமும் ஈரமாகத்தான் இருக்கும். கப்பல் வரை கூட வருகிறேன் என்று சொன்னாள். வேண்டாம், அடுப்பு எரிகிறது, திரும்பிப் போ என்றான். மெ திஹோ கெ ரெக்ரெஸார. குரலில் அழுத்தம் எங்கே விழுந்தது என்று எந்தச் சந்தேகமும் இல்லை. 'ஸா'வில் விழுந்தது.

அவள் திரும்பினாள். எண்ணெய் தீப்பிடிக்கவில்லை, ஒன்றும் ஆகியிருக்கவில்லை.

"அதைத்தான் உங்களுக்கு எழுதினேன்" என்றாள். "நான் திரும்பி வந்துவிட்டேன் என்பதை. நீங்கள் திட்டுவீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் நன்றி சொன்னீர்கள். ஆசீர்வாதம் சொன்னீர்கள். என்னைக் கேலி செய்கிறீர்களா, மன்னித்துவிட்டீர்களா என்று தெரியவில்லை. அதற்கு என்ன பதில் எழுதுவது?" அதற்கு மேல் அழுகை. பிறகு ஒலி நின்றுவிட்டது.

நான் பால்கனியில் துணிக்கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒருத்தி நாலு மாதம் யோசித்துத் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறாள். நாங்கள் அதை நல்ல செய்தியாக எடுத்து வைத்துக்கொண்டு, அவளுக்கு இதயப் படம் அனுப்பியிருக்கிறோம்.

உள்ளே அம்மா சமையலறையில் தரையில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். இனிமேல் சொல்லாமல் இருக்க முடியும் என்று தோன்றவில்லை. அவள் கை நிற்கவில்லை. மீன் தலையைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொண்டே கேட்டாள். முடிந்ததும், "அந்தப் பொண்ணு பேசினதைப் போடு" என்றாள்.

போட்டேன். ஒரு வார்த்தைகூடப் புரியாமல் மூன்றரை நிமிஷமும் கேட்டாள்.

"அழுவுதே."

"ஆமா."

"எவ்வளவு நாளா இதை வெச்சுக்கிட்டு இருந்திருக்கு, பாவம்." மீனை அலசித் தட்டில் வைத்துவிட்டுக் கையை அலம்பிக்கொண்டாள். "எழுது. எண்ணெய் காயறப்ப வீட்டுக்குப் போன்னு அவன் சொன்னது சரிதான், நானா இருந்தாலும் அதான் சொல்லிருப்பேன்னு எழுது. அவ மேல ஒரு தப்பும் இல்ல. அவன் வந்தா நானே அவன்கிட்ட கேட்டுக்கறேன், நீ இதைச் சுமக்காதேன்னு எழுது."

எழுதிக்கொண்டே வந்தேன். 'அவன் வந்தா' என்ற இடத்தில் விரல் நின்றுவிட்டது. ரெக்ரெஸா என்று போட்டால், வரக்கூடும் என்று நம்பிச் சொல்வது. கூட ஒரு 'ர' சேர்த்தால் அந்த நம்பிக்கை போய்விடும். இரண்டுக்கும் பொதுவான ஒரு சொல் அந்த மொழியில் எனக்குத் தெரியவில்லை. சொல்கிறவள் என்ன நம்புகிறாள் என்று தெரிந்தால்தான் எழுத முடியும். இது அம்மாவின் வாக்கியம். நான் முடிவு செய்யக்கூடாது.

"அம்மா, 'அவன் வந்தா'ன்னு எழுதறதுக்கு அவங்க பாஷையில ரெண்டு விதம் இருக்கு. வருவான்னு நெனச்சா ஒண்ணு. வரமாட்டான்னு தெரிஞ்சு பேச்சுக்குச் சொன்னா இன்னொண்ணு. எதை எழுதட்டும்?"

எங்கள் வீட்டில் இந்தக் கேள்வியை யாரும் யாரிடமும் கேட்டதில்லை.

அம்மா மீன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "காலையில எழுந்திருக்கறப்ப வருவான்னுதான் இருக்கும்" என்றாள். "விளக்கு போடற நேரத்துக்கு அது போயிடும். தெனமும் அப்படித்தான்." பிறகு கேட்டாள். "அவ ஊர்ல இப்ப மணி என்ன?"

"ராத்திரி ஒன்பது."

"அப்ப அவ நேரத்துக்கு எது பொருந்துமோ அதை எழுது."

'ர' சேர்த்து எழுதினேன். கோடு எதுவும் விழவில்லையே என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு அனுப்பினேன். நான் அனுப்பும்போது அம்மா தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டாள். மீனை அவள் ஏற்கெனவே அலசி வைத்திருந்தாள்.

கடைக்காரி அன்றைக்கே பதில் சொன்னாள். அதன் பிறகு மாதம் ஒருமுறையாவது பேசுகிறோம். பேச்சில் தம்பி அநேகமாக வருவதில்லை. அவளுடைய முழங்கால் வலி, அங்கே மீன் வரத்து குறைந்தது, என் பள்ளிப் பெண்கள், இதெல்லாம்தான். அம்மா சில நாட்களில் பின்னாலிருந்து "நல்லா இருக்கியாம்மா?" என்று தமிழில் கத்துவாள். அவளும் ஏதோ புரிந்த மாதிரி சிரிப்பாள். மற்றபடி அம்மா மாறவில்லை, மாறச் சொல்லி நானும் கேட்கவில்லை.

மாறியது நான்தான். தம்பியின் முதுகு இப்போதெல்லாம் தெருவில் தெரிவதில்லை. மூடுபனியை நினைத்தால் அதற்குள் அவனைக் காணோம். எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் இல்லை. ஒரு பெண்ணின் செருப்புச் சத்தம் மட்டும் கேட்கிறது. எரிகிற அடுப்பை நினைத்துக்கொண்டு, ஈரக் கல்லில் வேகவேகமாக அவள் திரும்பி ஓடுகிறாள். சில நாள் பரீட்சைத் தாள் திருத்துகையில் அந்தச் சத்தம் கேட்டால், அவள் கடை வாசலை எட்டும்வரை பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருக்கிறேன்.